ஒரு தீவின் தலைமை நீதிபதி என்ன செய்தார்? சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் வழியே ஓர் எளிய அறிமுகம்

புதுச்சேரியிலோ கடலூரிலோ நீதிமன்றப் படியேறிய ஒருவருக்கு முன்சீப்பைத் தெரிந்திருக்கும், மாவட்ட நீதிபதியைத் தெரிந்திருக்கும். தலைமை நீதிபதியோ சென்னையில் இருப்பவர், பதவியேற்கும்போதும் ஓய்வுபெறும்போதும் செய்தித்தாளில் படமாக வருபவர். புதுச்சேரிக்குத் தனி உயர் நீதிமன்றம் இல்லை. 1962-ஆம் ஆண்டின் நிர்வாகச் சட்டம் வந்தது முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்குள்தான் நாம் இருக்கிறோம். ஆகவே சட்டம் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் பலர், தலைமை நீதிபதி என்றால் நீதிபதிகளில் மூத்தவர், பெரிய வழக்குகளை விசாரிப்பவர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தவறன்று, ஆனால் அந்தப் பதவியின் பெரும்பகுதி அதில் விடுபட்டுப்போகிறது. எந்தச் சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பது, உண்மை எது என்பதை யார் முடிவுசெய்வது, ஆளுநரே தவறு செய்தால் யார் கேட்பது என்ற கேள்விகள் நம் காலத்துக்கு முன்பே தீர்க்கப்பட்டுவிட்டதால், அவற்றைத் தீர்த்த உழைப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த உழைப்பைப் பார்க்க வேண்டுமானால், நீதிமன்றம் புதிதாகக் கட்டியெழுப்பப்பட்ட ஒரு சிறிய இடத்தை, ஒரு மனிதரின் பணிக்காலத்தோடு சேர்த்துப் பார்ப்பது நல்ல வழி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இலங்கையும், 1811 முதல் 1819 வரை அங்கே தலைமை நீதிபதியாக இருந்த சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனும் அதற்குப் பொருத்தமானவர்கள் என்பது என் எண்ணம்.

தனியான நீதிமன்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்க இலங்கைக்குப் போகவேண்டியதில்லை. நம் ஊர் வரலாறே போதும். 1716-இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த எபேர், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளையைக் கைதுசெய்தார். அவரைக் கைதுசெய்த ஆளுநரே, அவரை விசாரித்துத் தண்டித்த அவைக்கும் தலைவர். ஆட்சி நடத்தும் மேலவையும் நீதி வழங்கும் மேலவையும் அன்று ஒன்றுதான். நைனியப்பப் பிள்ளை 1717-இல் சிறையிலேயே இறந்தார். பின்னர் வழக்கு பிரான்சு வரை சென்று, அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டு, அவருடைய மகன் குருவப்பப் பிள்ளைக்குப் பதவி கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் இறந்தவருக்கு அதனால் பயனில்லை. குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராக இருக்கும் இடத்தில் நீதிக்கு என்ன கதி நேரும் என்பதற்கு, தென்னிந்திய வரலாற்றில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆங்கிலேயர் 1795, 1796 ஆகிய ஆண்டுகளில் டச்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றினார்கள். முதலில் அவை சென்னையிலிருந்தே ஆளப்பட்டன. சென்னையிலிருந்து போன வருவாய் அதிகாரிகளின் வரிமுறை 1797-இல் கலகத்தில் முடிந்தது. 1798-இல் பிரெடரிக் நார்த் முதல் ஆளுநராக வந்தார். 1802-இல் தீவு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையைவிட்டு நேரடியாக மன்னரின் ஆட்சிக்குள் சென்றது. இதற்கிடையில், 1801-இல் மன்னர் வழங்கிய நீதிச் சாசனம் ஒன்று அங்கே உச்ச நீதிமன்றத்தை நிறுவியது. சாசனம் என்பது மன்னரின் பெயரால் வெளிவரும் அமைப்பு ஆணை. நீதிமன்றம் எங்கே அமரும், எத்தனை நீதிபதிகள், எந்த மக்கள்மீது அதிகாரம் என்பவையெல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். இந்த உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர்கள் இரண்டே நீதிபதிகள்: ஒருவர் தலைமை நீதிபதி, மற்றவர் அவருக்கு அடுத்த துணை நீதிபதி. முதல் தலைமை நீதிபதி சர் காட்ரிங்டன் எட்மண்ட் காரிங்டன்.

புதிதாகப் படிப்பவர்கள் இரண்டு வரம்புகளை மனத்தில் கொள்ளவேண்டும். ஒன்று, இந்த நீதிமன்றத்தின் அதிகாரம் தீவு முழுவதற்கும் உரியதன்று. கண்டி இராச்சியம் 1815 வரை தனி அரசாகவே இருந்தது. அது வீழ்ந்த பிறகும் கண்டிப் பகுதி தனி நிர்வாகத்தின் கீழ் வைக்கப்பட்டு, 1833-ஆம் ஆண்டுச் சாசனத்தில்தான் உச்ச நீதிமன்றத்தின் ஆளுகைக்குள் வந்தது. மற்றொன்று, இங்கிலாந்தில் நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் நீடிக்கலாம் என்பது 1701-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக உறுதியாகியிருந்தது. குடியேற்ற நாடுகளின் நீதிபதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மன்னரின் விருப்பம் உள்ளவரைதான் அவர்களின் பதவி. அதாவது, ஆளுநரைக் கட்டுப்படுத்தவேண்டிய நீதிபதியை, ஆளுநரின் எசமானரே எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைத்துக்கொள்ள முடியும். நீதித்துறையின் சுதந்திரம் என்று இன்று நாம் சொல்வது அங்கே முழுமையாக இருந்ததாக எண்ணிவிடக் கூடாது.

ஜான்ஸ்டன் 1775-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்; ஆனால் அவருடைய சிறுவயது கழிந்தது தமிழ்நாட்டில். 1781-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த மெக்கார்ட்னி பிரபுவுடன் அவருடைய குடும்பம் இங்கே வந்தது. தந்தை சாமுவேல் ஜான்ஸ்டனுக்கு மதுரையில் பணி. தஞ்சையிலும் திருச்சியிலும் பெரிதும் மதிக்கப்பட்ட லுத்தரன் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் கண்காணிப்பில் படித்து, தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளை அவர் கற்றார். பின்னர் ஐரோப்பா திரும்பி, ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1800-இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். இலங்கைக்கு அவர் முதலில் வந்தது நீதிபதியாக அன்று. அட்வகேட் பிஸ்கல் என்ற அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கு. குற்ற வழக்குகளை அரசின் சார்பில் நடத்துவதும், ஆளுநருக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும் அந்தப் பதவியின் வேலை. குடியேற்ற நாடுகளில் தலைமை நீதிபதியாக உயர்ந்த பலரும் வந்த பாதை இதுவே. இந்தப் பாதையில் ஒரு நன்மையும் ஒரு குறையும் சேர்ந்தே இருக்கின்றன: ஊரையும் மக்களையும் வழக்குகளின் தன்மையையும் நன்கு அறிந்தவராக அவர் நீதிபதி இருக்கைக்கு வருகிறார், அதே வேளையில், அரசின் பக்கமிருந்து வழக்கைப் பார்த்துப் பழகியவராகவும் வருகிறார். மொழியறிந்த ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்தது யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு எவ்வளவு பெரிய மாறுதலாக இருந்திருக்கும் என்பதை, மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கொண்டே தீர்ப்பெழுதிய நீதிபதிகள் நிறைந்த அந்தக் காலத்தை எண்ணிப் பார்த்தால் உணரலாம்.

தலைமை நீதிபதியின் அன்றாட வேலைகளில் வழக்கு விசாரணை ஒரு பகுதி மட்டுமே. கொழும்பில் மட்டும் அமர்ந்திருந்தால் போதாது. யாழ்ப்பாணம், காலி, திருகோணமலை போன்ற இடங்களுக்கு நீதிபதிகள் சுற்றுப்பயணமாகச் சென்று, கடுங்குற்ற வழக்குகளை அங்கேயே விசாரிக்கவேண்டும். கீழ் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். புதிய ஒழுங்குவிதிகள் வரும்போது கருத்துச் சொல்லவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது, எந்தச் சட்டத்தைக் கொண்டு தீர்ப்பது என்ற கேள்வி. இதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்.

டச்சுக்காரர்கள் காலத்திலிருந்த சட்டங்களையும் நடைமுறைகளையும் தொடர்வதாக ஆங்கிலேயர் 1799-இல் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். டச்சுக்காரர்கள் கொண்டுவந்தது, பழைய ரோமானியச் சட்டமும் ஹாலந்து நாட்டின் வழக்கங்களும் கலந்து உருவான ரோமன் டச்சுச் சட்டம். ஆனால் டச்சுக்காரர்களும் அதை எல்லாருக்கும் திணித்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர்களிடையே சொத்து, திருமணம், கடன், ஒற்றி ஆகியவற்றில் நிலவிய வழக்கங்களை, நீண்ட காலம் அங்கே பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி 1706-இல் தொகுத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, முதலியார்கள் என்ற பதவிப்பெயர் கொண்ட உள்ளூர்த் தலைவர்கள் பன்னிரண்டு பேரிடம் காட்டப்பட்டு, அவர்கள் சரியென ஒப்புக்கொண்ட பிறகு ஏற்கப்பட்டது. இதுதான் தேசவழமை. ஆங்கிலேயர் 1806-இல் ஓர் ஒழுங்குவிதியின் மூலம் அதற்குச் சட்ட வலிமை தந்தார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் முக்குவர் வழக்கம் என்று வேறொன்று இருந்தது; முஸ்லிம்களுக்கும் தனி விதிகள் இருந்தன. ஜான்ஸ்டன் இந்த வழக்காறுகளையெல்லாம் ஆர்வத்துடன் திரட்டியவர். ஒரு நாட்டு மக்களின் நம்பிக்கையைப் பெறாத நீதிமன்றம் நிலைக்காது என்பதும், மக்களின் வழக்கத்தை அறியாமல் அந்த நம்பிக்கையைப் பெற முடியாது என்பதும் அவருடைய எண்ணம்.

எந்தச் சட்டம் என்ற கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்கு அவளுடைய பெற்றோர் ஒரு வீட்டையும் வளவையும் சீதனமாகக் கொடுக்கிறார்கள். அவள் பிள்ளையில்லாமல் இறந்துவிடுகிறாள் என்று கொள்வோம். ரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவிதிப்படி, கணவன் மனைவி இருவரின் சொத்தும் திருமணத்தால் ஒன்றாகக் கலந்துவிடும். எனவே அதில் பாதி கணவனுக்கு உரியது. தேசவழமையின்படி பார்த்தாலோ, அந்தச் சீதனம் அவளுடைய சகோதரிகளின் பக்கம் திரும்பிப் போகவேண்டும். கணவன் தன் முன்னோரிடமிருந்து கொண்டுவந்த முதுசொம், மனைவி கொண்டுவந்த சீதனம், இருவரும் சேர்ந்து வாழும்போது ஈட்டிய தேடிய தேட்டம் என்று மூன்றையும் அது வேறு வேறாகப் பிரித்து வைக்கிறது. ஒரே வீடு, ஒரே சாவு. எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்து வீடு யாருடையது என்பது மாறிவிடுகிறது. இந்தத் தேர்வைச் செய்து, அதையே எல்லா வழக்குகளிலும் மாறாமல் பின்பற்றச் செய்வது தலைமை நீதிபதியின் மிக முக்கியமான பொறுப்புகளில் ஒன்று.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1819-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் புதுச்சேரியில் வந்த பிரெஞ்சு ஆணை, இந்தியர்கள் அவரவர் சாதியின் சட்டங்கள், வழக்கங்கள், பழக்கங்களின்படியே முன்போல நியாயம் பெறுவார்கள் என்று உறுதி கூறியது. அந்த வழக்கங்கள் எவை என்பதை நீதிமன்றத்துக்கு எடுத்துச்சொல்ல 1827-இல் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. அதன் விளைவு என்ன? கடலூரில் ஓர் இந்துக் குடும்பத்தில் மகனுக்குப் பரம்பரைச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு உண்டு. இரண்டு மணி நேர நடையில் எல்லை தாண்டிய புதுச்சேரி மண்ணிலோ, வழக்காற்று இந்துச் சட்டத்தின்படி, தந்தை உயிரோடிருக்கும் வரை அவரே முழு உரிமையாளர். அதற்கும் மேலே, 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. யாழ்ப்பாணத்து நீதிபதி எதிர்கொண்ட சிக்கல் எப்படிப்பட்டது என்பதைப் புதுச்சேரி வழக்கறிஞர் ஒருவரால் சென்னை வழக்கறிஞரைவிட எளிதில் புரிந்துகொள்ள முடியும்.

1809-இல் ஆளுநர் மெயிட்லண்டின் சார்பில் ஜான்ஸ்டன் இங்கிலாந்து சென்று, தீவின் நிர்வாகத்தில் செய்யவேண்டிய மாறுதல்களை அங்கே எடுத்துரைத்தார். 1811-இல் தலைமை நீதிபதியாகவும் ஆலோசனை அவையின் தலைவராகவும் திரும்பி வந்தபோது, அவர் கொண்டுவந்தவற்றில் மிகப் பெரியது ஜூரி முறை.

ஜூரி என்பது சட்டம் படிக்காத சாதாரணக் குடிமக்களின் குழு. வழக்கில் நடந்தது என்ன, சாட்சி நம்பத்தக்கதா, குற்றவாளியா இல்லையா என்பதை அவர்கள் முடிவுசெய்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தண்டனையையும் நீதிபதி சொல்கிறார். இங்கிலாந்தில் பன்னிரண்டு பேர், அனைவரும் ஒருமனதாக முடிவெடுக்கவேண்டும். இலங்கையில் ஜான்ஸ்டன் அமைத்ததில் பதின்மூன்று பேர். பெரும்பான்மை முடிவே போதும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் இருபுறமும் சமமாகப் பிரிந்து நிற்கும் நிலை வராது என்பது எளிதாகவே விளங்கும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் சொந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஜூரியிடம் விசாரணை கோரலாம். பல சமயத்தவரையும் சாதியினரையும் கலந்து ஆலோசித்த பின்பே இதை முன்மொழிந்ததாக அவர் பின்னாளில் எழுதினார்.

அன்றைய நிலையில் இதன் பொருள் என்ன என்பதை நாம் சரியாக எடைபோடவேண்டும். ஆசியாவில் ஐரோப்பியர் நடத்திய நீதிமன்றங்களில், உள்ளூர் மக்கள் சாட்சிகளாக வந்தார்கள், குற்றவாளிகளாக வந்தார்கள், மொழிபெயர்ப்பாளர்களாக வந்தார்கள். முடிவு சொல்பவர்களாக வந்தது அரிது. ஒரு சிங்களர், ஒரு தமிழர், ஒரு முஸ்லிம் எல்லாரும் ஆங்கிலேய நீதிபதியின் முன் உட்கார்ந்து, இந்தச் சாட்சி பொய் சொல்கிறார் என்று தீர்மானிக்கும் உரிமை பெற்றது அதிகாரத்தின் ஒரு பகுதி உண்மையாகவே கைமாறியதைக் காட்டுகிறது. நீதிபதிக்கும் இதில் பயன் உண்டு. பொய்ச் சாட்சி மலிந்த ஊரில், பேச்சின் தொனியையும் குடும்பப் பகையையும் நிலத் தகராறின் பின்னணியையும் அயலூரிலிருந்து வந்த ஒருவரைவிட உள்ளூரார் நன்கு அறிவார்கள். அதே காரணம் எதிராகவும் வேலை செய்யக்கூடும் என்பதை மறைக்கக் கூடாது. பகையை அறிந்தவர் பகையில் பங்குள்ளவராகவும் இருக்கலாம். சாதிவாரியாக ஜூரியைப் பிரித்தது மக்களின் தயக்கத்தைக் குறைத்திருக்கலாம். ஆனால் சாதிப் பிரிவை நீதிமன்றத்துக்குள்ளேயே அரசின் முத்திரையோடு கொண்டுவந்து உட்காரவைத்தது என்பதும் உண்மை. நான் இதை அவருடைய சீர்திருத்தத்தின் பெரும் குறையாகவே கருதுகிறேன்.

அடிமை முறை தொடர்பாக அவர் செய்தது இந்த ஜூரி முறையிலிருந்தே கிளைத்தது. டச்சுக்காரர் காலத்திலிருந்து இலங்கையில் வீட்டு அடிமைகளும், யாழ்ப்பாணத்தில் நிலத்தோடும் குடும்பத்தோடும் கட்டப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள். பெண்ணின் சீதனத்தைப் பாதுகாத்த அதே தேசவழமையில், கோவியர், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமைகளாகக் கருதி எழுதப்பட்ட பகுதியும் இருக்கிறது. வழக்காற்றைப் போற்றி எழுதுபவர்கள் பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்; தாண்டக் கூடாது. மக்களின் வழக்கத்தின்படி நீதி என்றால், எந்த மக்களின் வழக்கம் என்ற கேள்வி உடனே எழவேண்டும். பன்னிரண்டு முதலியார்களிடம் கருத்துக் கேட்டார்கள். அடிமைகளாக இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஜூரியாக அமரத் தகுதி பெற்றவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஜான்ஸ்டன் அவர்களிடமே பேசினார், கடிதம் எழுதினார். சுதந்திர மனிதர்களுக்குரிய உரிமையைப் பெற்றிருக்கும் நீங்கள், பிறரை அடிமைகளாக வைத்திருப்பது பொருந்துமா என்பதே அவருடைய வாதத்தின் சாரம். இதன் பயனாக, 1816-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் முதல் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்களாகவே பிறப்பார்கள் என்று பல உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த நாள், அன்று மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசப் பிரதிநிதியின் பிறந்தநாள்.

இது எவ்வளவு, எவ்வளவில்லை என்பதை அளந்து சொல்லவேண்டும். ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்களுக்கு இதனால் விடுதலை கிடைக்கவில்லை. ஒப்புக்கொள்ளாத உரிமையாளர்களை இது கட்டுப்படுத்தவில்லை. யாழ்ப்பாணத்து வயல்களில் கட்டுண்டிருந்தவர்களின் நிலை இதனால் ஒரே நாளில் மாறிவிடவும் இல்லை. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கையையும் கம்பெனியின் இந்தியப் பகுதிகளையும் விலக்கிவைத்தது. இந்தியாவில் 1843-இலும் இலங்கையில் 1844-இலும்தான் அதற்கான சட்டங்கள் வந்தன. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அது 1848 வரை நீண்டது. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறையிலிருந்தே மொரீசியசுக்கும் ரீயூனியனுக்கும் அடிமைகள் கப்பலேற்றப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். இப்படிப் பார்க்கும்போது, சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு ஒரு தலைமுறை முன்பே, ஒரு நீதிபதி தம் பதவியின் மதிப்பை மட்டும் கொண்டு உரிமையாளர்களைத் தாமாக இணங்கவைத்தது பெரிய காரியம்தான். தீர்ப்பு எழுதாமல், ஆணை பிறப்பிக்காமல், பொதுநலத்துக்காகப் பதவியின் செல்வாக்கைச் செலவிடுவதும் தலைமை நீதிபதியின் பணிக்குள் அடங்கும் என்பதை இது காட்டுகிறது.

இன்றைய அளவுகோலில் உறுத்தும் ஒன்று, அவர் தலைமை நீதிபதியாக இருந்துகொண்டே ஆளுநரின் ஆலோசனை அவைக்கும் தலைவராக இருந்தது. விதியை வகுக்கும்போது கருத்துச் சொன்னவரே பிறகு அந்த விதியின்படி வழக்கையும் கேட்கிறார். நைனியப்பப் பிள்ளையின் வழக்கில் நாம் கண்ட கோளாறு இங்கே முற்றிலும் நீங்கிவிடவில்லை, குறைந்திருக்கிறது, அவ்வளவே. ஆளுநர் தாமே தீர்ப்பளிக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது. ஆட்சியாளரும் நீதிபதியும் தனித்தனி ஆட்கள், தனித்தனி சாசனத்தால் அதிகாரம் பெற்றவர்கள் என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் இருவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். நீதித்துறையின் பிரிவு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது, நான் இந்த இடத்தைத்தான் சுட்டிக்காட்டுவேன்.

1819-இல் மனைவியின் உடல்நலக் குறைவால் அவர் பதவியை விட்டு இங்கிலாந்து திரும்பினார். ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி வீட்டில் அமைதியாக இருந்துவிடலாம், அவர் இருக்கவில்லை. 1823-இல் லண்டனில் ராயல் ஆசியச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதை நிறுவியவர்களில் ஒருவராகவும் துணைத்தலைவராகவும் இருந்தார். தென்னிந்தியா முழுவதும் கல்வெட்டுகளையும் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டிய காலின் மெக்கன்சியின் முயற்சி, மதுரையில் தம் பெற்றோர் வீட்டில் நடந்த உரையாடல்களிலிருந்தே முளைத்தது என்று 1832-இல் பாராளுமன்றக் குழுவின்முன் அவர் சாட்சியம் அளித்தார். அந்தத் தொகுப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. நம் மாவட்டங்களின் உள்ளூர் வரலாற்றை எழுத முற்படும் எவரும் ஒருநாள் அதைத் தேடிப் போயாகவேண்டும்.

அவருடைய ஜூரி அனுபவமும் கடல் தாண்டி வந்தது. இந்திய விவகாரங்களைக் கவனித்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் வின்னுக்கு, இலங்கையில் ஜூரி முறை எப்படி நடந்தது என்பதை அவர் 1825-இல் விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டே, சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களின் நீதிமன்றங்களில் இந்தியர்களும் ஜூரிகளாக அமரலாம் என்று இந்திய ஜூரிச் சட்டம் வந்தது. ஆனால் கிறிஸ்தவர்கள்மீதான வழக்குகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஜூரிகளாக இருக்கக் கூடாது என்ற பாகுபாடு அதில் இருந்தது. ராஜா ராம்மோகன் ராய் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1832-இல் அது திருத்தப்பட்டது. கடலூர் போன்ற மாவட்டத் தலைநகர்களுக்கு அந்த 1826-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தவில்லை. யாழ்ப்பாணத்து விவசாயி ஒருவருக்கு 1811-இல் கிடைத்த உரிமை, அதே ஆங்கிலேய ஆட்சியின் கீழ் இருந்த தென்னார்க்காட்டு விவசாயிக்கு அப்போது கிடைக்கவில்லை என்பது என்னை வருத்தும் செய்தி.

1832-இல் அவர் இங்கிலாந்து மன்னரின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சிலின் உறுப்பினர் ஆனார். அடுத்த ஆண்டு அதன் நீதிக்குழு சட்டப்படி அமைக்கப்பட்டபோது அதில் ஊதியம் பெறாமல் பணியாற்றினார். பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் வரும் இறுதி மேல்முறையீடுகளைக் கேட்பது அந்தக் குழு. கடலூரின் ஜில்லா கோர்ட்டில் தொடங்கிய ஒரு நிலவழக்கு, சென்னையில் கம்பெனியின் மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த சதர் அதாலத்தைக் கடந்து, தொகை பெரிதாகவும் வாதிகள் விடாப்பிடியாகவும் இருந்தால், லண்டனில் அவர் அமர்ந்திருந்த அந்தக் குழுவை எட்டமுடியும். தமிழறிந்த, தென்னாட்டு வழக்கம் அறிந்த ஒருவர் அங்கே இருந்தது அரிய வாய்ப்பு. புதுச்சேரி வழக்குகளின் கடைசிப் படி பாரிசின் கசாசியோன் நீதிமன்றமாக இருந்ததால், இங்கிருந்து எந்த வழக்கும் அவர் முன் போயிருக்க வழியில்லை. 1849 மார்ச் 6-ஆம் நாள் அவர் லண்டனில் காலமானார்.

இந்தியா பிரிவி கவுன்சிலுக்குப் போகும் மேல்முறையீட்டை 1949-இலும், இலங்கை 1971-இலும் நிறுத்திக்கொண்டன. இலங்கையின் தலைமை நீதிபதிப் பதவியில் 1984-இல் சுப்பையா சர்வானந்தாவும் 2015-இல் கனகசபாபதி ஸ்ரீபவனும் அமர்ந்தார்கள். 2013 சனவரியில் தலைமை நீதிபதி சிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றத் தீர்மானத்தின் வழியாகப் பதவி நீக்கப்பட்டபோது, மன்னரின் விருப்பம் உள்ளவரை பதவி என்ற பழைய நிலைக்கும் இன்றைய அரசியலமைப்பு தரும் பாதுகாப்புக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அங்கே கடும் விவாதம் எழுந்தது. ரோமன் டச்சுச் சட்டம் அங்கே இன்றும் பொதுச் சட்டம். தேசவழமை இன்றும் யாழ்ப்பாணத் தமிழர்களின் சொத்து வழக்குகளில் எடுத்து வாதிடப்படுகிறது. சிதம்பரத்தில் யாழ்ப்பாணத்தார் கட்டிவைத்த மடங்களும் விட்டுச்சென்ற அறக்கட்டளை நிலங்களும் இருப்பதால், கடலூர் மாவட்டத்தில் பணியாற்றும் ஒரு வழக்கறிஞர், முதுசொம் எது, தேடிய தேட்டம் எது என்று பிரித்தறியவேண்டிய நாள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.